ஒரு வீட்டில் மூன்று வகுப்புகள்

பிள்ளைகளை வீட்டிலேயே பயிற்றுவிக்க எண்ணும் பெற்றோர் முதற்கண் அறிய வேண்டியது சட்டத்தின் நிலையாகும். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 2003ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொட்டு மலேசியாவில் தொடக்கக் கல்வி கட்டாயமாகும். கல்வி அமைச்சரின் விலக்கு இன்றிப் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. ஆகவே, விலக்குக் கிடைக்கும் முன் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துதல் ஆகாது.

விலக்குப் பெற்ற குடும்பத்தில் ஐந்தாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு, முதலாம் ஆண்டு என மூன்று பிள்ளைகள் இருப்பதாகக் கொள்வோம். தாயார் பள்ளியின் கால அட்டவணையை அப்படியே வீட்டுச் சுவரில் ஒட்டிவிடுகிறார். அந்த அட்டவணையோ, ஒரு வகுப்பையும் அதற்குரிய ஆசிரியரையும் மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டது. மூன்று பிள்ளைகளுக்கும் எல்லாப் பாடங்களையும் தனித்தனியே புகட்ட ஒருவரால் இயலுமா? சில வாரங்களிலேயே தாயார் களைத்துப் போவார், பிள்ளைகளும் சலிப்படைவர்.

இதற்குரிய வழி நமக்குப் புதியதன்று. பழைய தோட்டப் பள்ளிகளில் ஒரே ஆசிரியர் பல வகுப்புகளை நடத்தியதுண்டு. மாணவர் குறைந்த பள்ளிகளில் இன்றும் இரு வகுப்புகள் இணைத்து நடத்தப்படுகின்றன. திண்ணைப் பள்ளியில் மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தான். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பார், பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியில் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்தார். 1797இல் அவர் வெளியிட்ட நூலின் வழி, 'மதராஸ் முறை' என்னும் பெயரில் அது இங்கிலாந்திலும் பரவிற்று.

வீட்டிலும் இம்முறையைப் படிப்படியாகக் கையாளலாம். முதல் மாதத்தில் வாசிப்பும் கணக்கும் மட்டும் போதும். கதை, அறிவியல், நன்னெறி ஆகியவற்றை மூவருக்கும் சேர்த்தே நடத்துக. செம்பனைக் குலை ஒன்றைப் பார்த்தபின் இளையவன் அதன் படத்தை வரையட்டும். நடுப்பிள்ளை ஐந்து வாக்கியம் எழுதட்டும். மூத்தவள் அது எண்ணெயாகும் விதத்தை விளக்கி எழுதட்டும். கணக்கும் எழுத்துப் பயிற்சியும் தனித்தனியே கற்பிக்க வேண்டியவை. ஒருவருக்கு இருபது நிமிடம் கற்பிக்கையில், மற்ற இருவருக்கும் தாமே செய்யத்தக்க பயிற்சியைக் கொடுத்துவிடுக. இவ்வொழுங்கு படிந்த பின்னரே தேசிய மொழி, ஆங்கிலம் எனப் பாடங்களைக் கூட்டுக.

மூத்த பிள்ளை தம்பிக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுப்பது இருவருக்கும் நன்மையே. ஆயினும், அது நாளொன்றுக்கு அரைமணி நேரத்தைத் தாண்டலாகாது. தம்பியைப் பார்த்துக்கொள்வதே அவள் படிப்பாகிவிட்டால், இழப்பு அவளுக்கே. பெண்பிள்ளை விஷயத்தில் நாம் இதனை வற்புறுத்திச் சொல்கிறோம்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குறிப்பேடு வைத்து, வாரந்தோறும் கற்றதை எழுதி வருக. ஆறு மாதம் கழித்து முதற் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் ஒப்பிட்டால் வளர்ச்சி தெரியும். வளர்ச்சி இல்லையெனில் ஆசிரியரின் ஆலோசனையை நாடுக. பள்ளிக்கே திரும்ப அனுப்பவும் தயங்க வேண்டாம். கற்கும் இடம் எதுவாயினும், கல்வி தடைப்படாதிருத்தலே முக்கியம்.