செவ்விறைச்சியும் செய்தியும்: முரண்படும் உடல்நலக் கூற்றுக்களை வாசித்தல்
(திருகோணமலைப் பின்னணியில் ஒரு நோக்கு)

1

உணவு பற்றிய அறிவு இன்று பெரும்பாலும் செய்தி வடிவிலேயே மக்களை வந்தடைகின்றது. ஆய்வாளரின் நீண்ட அறிக்கையொன்று செய்தி முகவரகங்களினூடாகப் பயணஞ்செய்து, மொழிபெயர்க்கப்பட்டு, நாளிதழ்த் தலைப்பாகச் சுருங்கித் திருகோணமலைத் துறைமுகப் பகுதியின் தேநீர்க் கடை மேசைக்கு வருகையில் அதன் நிபந்தனைகள் பல உதிர்ந்துவிடுகின்றன. செவ்விறைச்சி பற்றிய செய்திகள் இதற்குத் தக்க உதாரணமாகும். 2015 இல் இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என்று படித்தோம். 2019 இல் வழமைபோல உண்ணலாம் என்று படித்தோம். 2022 இல் இதுவரை கூறப்பட்ட சான்றுகள் வலுக்குறைந்தவை என்று படித்தோம்.

இத்தகைய முரண்பாடு இருவகை எதிர்வினைகளைத் தோற்றுவிக்கின்றது. ஒன்று, இறுதியாகக் கேட்டதையே உண்மையெனக் கொள்ளும் அச்சம். மற்றது, விஞ்ஞானிகள் விலைபோனவர்கள், எதையும் நம்பவேண்டியதில்லை என்னும் அவநம்பிக்கை. பின்னது முற்போக்காளரிடையே செல்வாக்குள்ளது. விமர்சன நோக்குப்போலவும் தோற்றமளிப்பது. இவ்விரண்டும் வாசிப்பின் குறைபாடுகள் என்பதே எமது கருத்தாகும். குறித்த செய்திகள் முரண்படுவதற்குப் பிரதான காரணம், அவை வெவ்வேறு வினாக்களுக்கு அளிக்கப்பட்ட விடைகளாயிருத்தலாகும். அத்துடன், 'இறைச்சி' என்ற பொருளை அதை உண்போரின் சமூக வாழ்நிலையிலிருந்து பிரித்தெடுத்துப் பேசுவதும் மயக்கத்தை மிகுவிக்கின்றது.

2

முதலில் 2015 ஒக்ரோபரில் கூறப்பட்டது யாதென நோக்குவோம். உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 10 நாடுகளைச் சேர்ந்த 22 நிபுணர்களைக் கூட்டி, 800 க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்தது. பதப்படுத்தப்பட்ட இறைச்சி மனிதரிற் புற்றுநோயை உண்டாக்குவது என முதலாம் தொகுதியிலும், மாடு, ஆடு, பன்றி முதலியவற்றின் பதப்படுத்தப்படாத செவ்விறைச்சி பெரும்பாலும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என இரண்டாம் தொகுதியின் முற்பிரிவிலும் வைக்கப்பட்டன. ஆகவே இங்கு இரு பொருள்கள் பற்றிய இரு வேறு கூற்றுக்கள் உள்ளன. தலைப்பில் 'பதப்படுத்தப்பட்ட' என்ற அடைமொழி விழுந்துவிடின் கூற்றே மாறிவிடுகின்றது. இலக்கிய மாணவர் ஓர் அடைமொழிக்குக் கொடுக்கும் கவனத்தைச் செய்தி வாசகரும் கொடுக்கவேண்டியிருக்கின்றது.

முதலாம் தொகுதியிலேயே புகையிலையும் இடம்பெறுவதால் இறைச்சியும் புகைத்தலும் ஒரேயளவு கேடானவை என்ற எண்ணம் பரவியது. ஆனால் இத்தொகுதிகள் சான்றின் உறுதியை அளப்பன. ஆபத்தின் அளவை அளப்பனவல்ல. ஒரு பொருளாற் கேடு விளையும் என்பது எவ்வளவு உறுதியாகத் தெரியும் என்பது ஒரு வினா. எவ்வளவு உண்டால் எத்தனை பேருக்குக் கேடு விளையும் என்பது பிறிதொரு வினா. அக்காலத்து மதிப்பீடுகளின்படி, உலகில் ஆண்டொன்றுக்குப் பதப்படுத்தப்பட்ட இறைச்சி மிகுந்த உணவாற் புற்றுநோய் மரணங்கள் ஏறத்தாழ 34,000. புகையிலையாற் பத்து இலட்சம்.

நாளொன்றுக்கு 50 கிராம் பதப்படுத்தப்பட்ட இறைச்சி உண்டால் பெருங்குடற் புற்றுநோய் ஆபத்து 18 சதவீதத்தால் அதிகரிக்கும் என்ற கூற்றும் இவ்வாறே விளங்கிக்கொள்ளப்பட வேண்டியது. நூறு பேரில் பதினெட்டுப் பேருக்கு நோய் வரும் என்பது இதன் பொருளன்று. பிரித்தானியாவில் 1000 பேரில் ஏறத்தாழ 61 பேர் வாழ்நாளில் இந்நோய்க்கு ஆளாகின்றனர். இவ்விறைச்சியை மிகக் குறைவாக உண்போரிடையே அது 56 ஆகவும், மிகக் கூடுதலாக உண்போரிடையே 66 ஆகவும் இருக்கும் எனக் கணிக்கப்பட்டது. ஆயிரவருக்குப் பத்துப்பேர் என்ற வேறுபாடு ஒரு நாட்டின் பொதுச் சுகாதாரத்துக்கு முக்கியமானது. ஆயினும் தனியொருவர் நடுங்கவேண்டிய வேறுபாடு அதுவன்று.

3

2019 ஒக்ரோபரில் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் 14 பேர் கொண்ட சர்வதேசக் குழுவொன்று வெளியிட்ட பரிந்துரை இதற்கு நேரெதிரானதாகக் கருதப்பட்டது. வளர்ந்தோர் தாம் தற்போது உண்ணும் அளவிலேயே செவ்விறைச்சியையும் பதப்படுத்தப்பட்ட இறைச்சியையும் தொடரலாம் என அது கூறிற்று. குழுவினருள் மூவர் இதற்கு உடன்படவில்லை. பரிந்துரை 'வலுக்குறைந்தது' என்றும், சான்றின் உறுதி தாழ்ந்தது என்றும் குழுவே குறிப்பிட்டிருந்தது. இங்கு அவதானிக்கத்தக்கது யாதெனில், இக்குழு கண்ட எண்கள் முன்னையோர் கண்டவற்றிலிருந்து பெரிதும் வேறுபடவில்லை என்பதாகும். இறைச்சியைக் குறைத்தால் சிறிய நன்மை உண்டு என்றே இவர்களும் கண்டனர். அச்சிறு நன்மை, உறுதியற்ற சான்றின்மீது, இறைச்சியை விரும்பி உண்பவரை மாற்றச் சொல்லப் போதுமானதா என்று வினவி, போதாது என்று விடைகண்டனர். சுற்றாடல், விலங்கு நலன் ஆகியவற்றைத் தமது கணிப்பிலிருந்து நீக்கியும் வைத்தனர். எனவே முரண்பாடு தரவுகளிலன்றிப் பெறுமானங்களிலேயே பெரிதும் தங்கியிருந்தது.

குழுவின் தலைவர் முன்னர் சீனி தொடர்பான ஆய்வொன்றுக்கு உணவுத் தொழிற் கம்பனிகளின் ஆதரவு பெற்ற அமைப்பிடம் நிதி பெற்றிருந்தமை சில நாட்களில் வெளியாகியது. நிதி எங்கிருந்து வருகின்றது என்று கேட்பது இன்றியமையாதது. ஆயினும் நலன் உண்டென நிறுவுவதோடு கூற்றுப் பொய்யென நிறுவியதாகிவிடாது. ஒரு படைப்பாளியின் வர்க்கத்தைக் கூறிவிட்டாற் படைப்பை ஆராயவேண்டியதில்லை என்று கருதிய கொச்சை மார்க்சியத்தின் தவறு இங்கும் நிகழக்கூடும். நலன் பற்றிய அறிவு எங்கே கூர்ந்து நோக்கவேண்டும் என்பதைக் காட்டும். நோக்கும் வேலையை அது செய்துவிடாது.

மறுபக்கத்திலும் இதே கூர்மை வேண்டப்படுகின்றது. உலக நோய்ச்சுமை பற்றிய மதிப்பீட்டின் 2017 ஆம் ஆண்டுப் பதிப்பு செவ்விறைச்சியால் நேரும் மரணங்களை ஏறத்தாழ 25,000 எனக் கூறிற்று. 2019 ஆம் ஆண்டுப் பதிப்பில் அது 896,000 ஆகியது. இரண்டாண்டுகளில் உலகத்தார் முப்பத்தாறு மடங்கு இறைச்சி உண்ணத் தொடங்கவில்லை. மாறியவற்றுள் முக்கியமானது, ஆபத்து மிகக்குறைந்த அளவு என்று கொள்ளப்பட்ட எடுகோள்: நாளொன்றுக்கு 22.5 கிராம் என்றிருந்தது பூச்சியமாக்கப்பட்டது. இதற்குப் பொறுப்பான வொஷிங்ரன் பல்கலைக்கழக நிறுவனமே 2022 ஒக்ரோபரில் வெளியிட்ட மீளாய்வு, பதப்படுத்தப்படாத செவ்விறைச்சிக்கெதிரான சான்று வலுக்குறைந்தது எனக் கண்டது. மூன்றாவது செய்தியின் தோற்றுவாய் இதுவே.

4

சான்று ஏன் வலுக்குறைந்ததாயுள்ளது? மனிதரை இருபது, முப்பது ஆண்டுகள் ஒரே உணவில் வைத்துப் பரிசோதிக்க இயலாது. ஆகவே பல்லாயிரம் பேரிடம் என்ன உண்டீர்கள் என்று கேட்டு, பின் அவர்களது நோயையும் மரணத்தையும் பதிவுசெய்யும் அவதானிப்பாய்வுகளையே நாடவேண்டியுள்ளது. இங்குதான் வர்க்கம் தரவினுள்ளே நுழைகின்றது.

ஏங்கெல்ஸ் 1845 இல் இங்கிலாந்துத் தொழிலாள வர்க்கத்தின் நிலைமை பற்றி எழுதியபோது, கூலியின் படிநிலையை இறைச்சியின் அளவைக் கொண்டே விளக்கினார். நல்ல கூலி பெறுபவர் நாடோறும் உண்டனர். அடுத்தவர் வாரத்தில் இருமுறை, மும்முறை. அதற்கும் கீழே உருளைக்கிழங்கிற் கலந்த சிறு பன்றியிறைச்சித் துண்டு. அடித்தட்டில் கிழங்கு மாத்திரமே. இறைச்சியளவு அன்று வாழ்க்கைத் தரத்தின் அளவுகோலாயிருந்தது.

இன்று அமெரிக்காவில் நிலைமை வேறு. ஹார்வட் ஆய்வாளர் 2012 இல் வெளியிட்ட, 37,698 ஆண்களையும் 83,644 பெண்களையும் உள்ளடக்கிய ஆய்வில், நாளொன்றுக்கு ஒரு பரிமாறலளவு கூடுதலாகப் பதப்படுத்தப்படாத செவ்விறைச்சி உண்பது 13 சதவீதமும், பதப்படுத்தப்பட்டது 20 சதவீதமும் கூடிய மரண ஆபத்துடன் தொடர்புற்றிருந்தது. ஆனால் கூடுதலாக உண்டோர் கூடுதலாகப் புகைத்தோராகவும் குறைவாக உடற்பயிற்சி செய்தோராகவும் இருந்தனர். கணிதத்தால் இவற்றை ஈடுசெய்தனர் எனினும் முழு வாழ்க்கையையும் ஈடுசெய்தல் அரிது. இதற்கு மாறாக, வங்காளதேசம், சீனா, யப்பான், கொரியா, தாய்வான் ஆகிய நாடுகளின் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் பற்றி 2013 இல் வெளியான கூட்டாய்வில், கூடுதலாகச் செவ்விறைச்சி உண்ட ஆண்களிடையே இருதய, குருதிக்கலன் நோய் மரணங்களும், பெண்களிடையே புற்றுநோய் மரணங்களும் குறைவாகவே காணப்பட்டன. ஆசியருக்கு இறைச்சி மருந்து என்பது இதன் பொருளன்று. அங்கு உண்ணப்பட்ட அளவு மிகச் சிறிது. அதை வாங்கக்கூடியவர் மருத்துவ வசதியையும் பெறக்கூடியவராயிருந்திருப்பர். ஒரே உணவு இரு சமூக அமைப்புக்களில் இரு வேறு வாழ்க்கைகளின் அடையாளமாகின்றது.

5

இனித் திருகோணமலைக்கு வருவோம். மீனே இங்கு பிரதான புரதம். கிண்ணியா, மூதூர் முதலிய இடங்களில் மாடும் எருமையும் பட்டியாக வளர்க்கப்படுகின்றன. முஸ்லிம் மக்களிடையே மாட்டிறைச்சி வழக்கமான உணவு. சைவரிற் பலர் அதனை விலக்கி ஆட்டிறைச்சியையும் கோழியையும், அதுவும் மச்சம் உண்ணும் நாட்களில் மாத்திரம், சமைப்பர். நாள்தோறும் மாட்டிறைச்சி உண்ணும் அமெரிக்கரை நோக்கிக் கூறப்பட்ட 'குறையுங்கள்' என்ற அறிவுரை, பெருநாளிலும் கிழமைக்கொரு முறையும் உண்ணும் தொழிலாளர் குடும்பத்துக்கு அப்படியே பொருந்துவதில்லை. குறிப்பாகக் கருத்தரித்த தாய்மாரிடையே குருதிச்சோகை நீண்டகாலப் பிரச்சினையாயிருக்கும் இந்நாட்டில், எளிதில் உடல் ஏற்கும் இரும்புச்சத்தைக் கொண்ட சிறிதளவு இறைச்சியை அச்சத்தால் கைவிடச் செய்வது நன்மையாகாது.

எதற்குப் பதிலாக எது என்பதும் முக்கியமானது. இறைச்சியின் இடத்தை மீனும் பருப்பும் பயறும் பெற்றால் நன்மையுண்டு என்பதை மேற்கூறிய ஹார்வட் ஆய்வும் காட்டிற்று. பாணும் சீனியிட்ட தேநீரும் பெற்றால் அதே நன்மையை எதிர்பார்க்க முடியாது. 2022 இன் பொருளாதார நெருக்கடியில், கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் செப்ரெம்பரில் 94.9 சதவீதத்தை எட்டியது; மண்ணெண்ணெய் இன்றிப் படகுகள் கரையிற் கிடந்தன. அக்காலத்தில் இறைச்சியைக் குறைத்தோர் உடல்நலச் செய்தி படித்துக் குறைத்தவரல்லர்.

பதப்படுத்தப்பட்ட இறைச்சியைப் பொறுத்தவரை எச்சரிக்கை இங்கும் பொருந்தும். கெடாது பேணிய இறைச்சி நிலத்திலிருந்து பிரிக்கப்பட்ட உழைப்பாளரதும் படையினரதும் உணவாக வளர்ந்தது. 1795 முதல் 1957 வரை பிரித்தானியர் இத்துறைமுகத்தை வைத்திருந்தனர். பாய்க்கப்பற் காலத்தில் அவர்தம் கடற்படையின் பங்கீட்டு உணவு உப்பிட்ட மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியுமே. இன்று சொசேஜஸ் அவ்விடத்தை நகரக் கடைகளிற் பெற்றுவருகின்றது. நேரமின்மையும் விளம்பரமும் அதன் துணைகள். உப்புக்கண்டமும் வரைவிலக்கணப்படி இவ்வகையினதே. கருவாடு பற்றிய ஐயமும் எழலாம். சீன முறையில் உப்பிட்ட மீன் முதலாம் தொகுதியிலேயே உள்ளது. ஏனைய உப்பிட்ட மீன்கள் 1993 இன் அறிக்கையில் வகைப்படுத்தப் போதிய சான்றில்லாதவையாகவே விடப்பட்டன. எனினும் உயர் குருதியமுக்கம் உள்ளோர் உப்பின் பொருட்டே அளவறிந்து உண்ணல் வேண்டும்.

நீண்டகால ஆபத்தையும் உடனடி ஆபத்தையும் ஒன்றாகக் கருதுவதும் தவறு. 2022 டிசெம்பரில் கடுங்குளிரால் வட, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் இறந்தபோது, இறைச்சிப் போக்குவரத்து தற்காலிகமாகத் தடைசெய்யப்பட்டது. இறந்த விலங்கின் இறைச்சி சந்தைக்கு வராது தடுத்தல் அன்றே செய்யப்படவேண்டிய காரியம். இருபதாண்டுப் புள்ளிவிபரத்துக்காகக் காத்திருக்கும் காரியமன்று. ஆதாரமற்ற அச்சமும் தொழிலைத் தாக்கும். 2004 ஆழிப்பேரலையின் பின், மீன்கள் உடல்களைத் தின்றிருக்கும் என்ற அச்சத்தால் மக்கள் மீனை ஒதுக்கியபோது, படகிழந்த மீனவர் சந்தையையும் இழந்தனர்.

6

இறுதியாக ஒன்று கூறவேண்டும். இலங்கையில் மாட்டிறைச்சி பற்றிய பேச்சு உடல்நலத்தோடு நின்றுவிடுவதில்லை. 2020 செப்ரெம்பரில் மாடறுப்பைத் தடைசெய்யும் பிரேரணைக்கு அமைச்சரவை அங்கீகாரம் அளித்தது. கால்நடை வளமும் பாலுற்பத்தியும் காரணங்களாகக் கூறப்பட்டன. இறைச்சியை இறக்குமதி செய்து மலிவாக வழங்கலாம் எனவும் கூறப்பட்டது. இத்தகைய சூழலில் 'இறைச்சி நோய் தரும்' என்ற அரைச்செய்தி, ஒரு சமூகத்தின் உணவையும் தொழிலையும் பழிக்கும் கருவியாக எளிதில் மாறக்கூடும். புலால் மறுத்தலுக்கு எமது மரபில் உயர்ந்த அறவியல் அடிப்படை உண்டு. குறள் அதனைத் துறவறவியலில் அருளுடைமையை அடுத்து வைத்தது. புள்ளிவிபரத்தை அது துணைக்கழைக்கவில்லை. பாணருக்கு ஊன்சோறு அளித்த சங்ககால மன்னர் வாழ்வும் அம்மரபின் பகுதியே. கொல்லாமையை ஏற்பவர் அதனை அறமாகவே கூறட்டும். அதற்கு மருத்துவ வேடம் வேண்டியதில்லை. அவ்வாறே இறைச்சி உண்ணும் உரிமையைப் பேணுவோர் பதப்படுத்தப்பட்ட இறைச்சி பற்றிய சான்றை மறைக்கவேண்டியதுமில்லை.

எனவே இத்தகைய செய்தியொன்று கைக்கு வரும்போது ஐந்து வினாக்களைக் கேட்டல் நன்று. எந்த இறைச்சி? எவ்வளவு? எதற்குப் பதிலாக? எந்தச் சமூகத்து உடல்களை ஆராய்ந்து கூறியது? கூறியவர் எண்ணைக் கூறுகின்றாரா, தமது பெறுமானத்தைக் கூறுகின்றாரா? இவ்வினாக்களுடன் நோக்கின் மூன்று செய்திகளும் பெருமளவு ஒத்துப்போகின்றன. பதப்படுத்தப்பட்டதை இயன்றவரை தவிர்த்தலும், செவ்விறைச்சியைக் கூடுதலாக உண்போர் குறைத்தலும், குறைவாக உண்போர் அஞ்சாதிருத்தலும் அவற்றைச் சேர்த்து நோக்கி நாம் கொள்ளத்தக்க முடிவுகளாகும். போதிய மீனும் பருப்பும் வாங்க முடியாத கூலியைப் பற்றி அச்செய்திகள் எதுவும் பேசுவதில்லை. அதைப் பேசுவது எம்போன்றோரின் கடமையாகும்.