அமெரிக்கரும் கடிகாரமும்

அமெரிக்கர் என்றதும், கையில் காப்பிக் குவளையும் காலில் ஓட்டமுமாக விரையும் மனிதரையே நாம் எண்ணிக்கொள்கிறோம். விரைவு அவர்தம் பிறவிக் குணம் என்பாரும் உளர். வரலாற்றைச் சற்றே புரட்டினால் இக்கருத்து நிலைபெறாது.

முதலில் சொல்லை நோக்குவோம். 'பொழுது போயிற்று' என்கிறோம். பொழுது தானே போவது. ஆங்கிலத்திலோ காலம் செலவிடப்படுகிறது, சேமிக்கப்படுகிறது, வீணடிக்கப்படுகிறது. யாவும் பணப்பையின் சொற்கள். இன்று நாமும் அவ்வாறே பேசப் பழகிவிட்டோம் என்பது வேறு. காலத்தைப் பணமெனக் கருதுமாறு இளம் வணிகருக்குப் பெஞ்சமின் பிராங்க்ளின் அறிவுரை எழுதியது 1748ஆம் ஆண்டில். ஆயினும் அறிவுரையால் மட்டும் ஒரு நாடு விரைந்துவிடுமா?

அதன் பின்னரும் நெடுங்காலம் அங்கே ஊருக்கொரு நேரம் இருந்தது. கதிரவன் உச்சிக்கு வருவதே அவ்வூரின் நண்பகல். இருப்புப்பாதை நிறுவனங்களுக்கு இது பெருந்தொல்லையாயிற்று. 1883 நவம்பர் 18 அன்று அவை தாமே நாட்டை நேர மண்டலங்களாகப் பகுத்துக்கொண்டன. கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிய ஊர்களில் அன்று நண்பகல் இருமுறை வந்தது. அரசின் சட்டமோ 1918இல்தான் வந்தது.

அடுத்துப் புகுந்தது ஸ்டாப்வாட்ச். பிரெடரிக் டெய்லர் என்னும் பொறியாளர், தொழிலாளியின் அசைவுகளை நொடிக்கணக்கில் அளந்து, இன்ன வேலைக்கு இவ்வளவு நேரம் என வரையறுத்தார். 1911 ஆகஸ்டில், மாசசூசெட்ஸ் மாநிலத்து வாட்டர்டவுன் படைக்கலச் சாலையில் நடந்ததை நம் மாணவர் ஊன்றி நோக்குதல் வேண்டும். அரசுக்குரிய அச்சாலையில் வார்ப்புத் தொழிலாளர் ஒருவர் தம் வேலையை அளக்க இசையவில்லை, வேலைநீக்கம் செய்யப்பட்டார். உடனே மற்ற வார்ப்பாளரும் வேலையை நிறுத்தி வெளியேறினர். கடிகாரத்துடன் ஒருவர் அருகே நின்று அளப்பதை அவர்கள் மானக்கேடாகக் கருதினர். அமெரிக்கக் காங்கிரசின் குழு ஒன்று இம்முறையை விசாரித்தது. டெய்லரே முன்னின்று விடையிறுத்தார். 1915இல், படைக்கலச் சாலைகளில் இவ்வளவைக்கு அரசுப் பணத்தைச் செலவிடலாகாதெனக் காங்கிரசு தடுத்தது. அத்தடை 1949 வரை நீடித்தது. விரைவு பிறவிக் குணமாயின் இத்துணை எதிர்ப்பு ஏன் எழுந்தது?

தனியார் ஆலைகளுக்கு அத்தடை இல்லை. போர்டு ஆலையில் 1913இல் நகரும் பொருத்துவரிசை தொடங்கியது; பன்னிரண்டு மணி நேரத்திற்கு மேல் பிடித்த அடிச்சட்ட வேலை, மறு ஆண்டிற்குள் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது.

இன்னொன்றும் கூறத்தக்கது. ராபர்ட் லெவின் என்னும் உளவியலார் 31 நாடுகளில் மக்களின் நடைவேகம், அஞ்சலக எழுத்தரின் வேகம், வங்கிக் கடிகாரங்களின் துல்லியம் ஆகியவற்றை அளந்து 1990களில் முடிவுகளை வெளியிட்டார். முதலிடம் சுவிட்சர்லாந்துக்கு, அமெரிக்காவோ பதினாறாவது! அந்நாட்டின் 36 நகரங்களை ஒப்பிட்ட மற்றோர் ஆய்வில் பாஸ்டன் முந்தியது, லாஸ் ஏஞ்சலஸ் கடைசியில் நின்றது.

ஒஹையோ போன்ற மாநிலங்களில் ஆமிஷ் என்னும் கிறித்தவப் பிரிவினர் வாழ்கின்றனர். கோடையில் நாட்டின் பெரும்பகுதியில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளினும், அவருள் சிலர் தள்ளுவதில்லை. அவர்தம் நேரத்திற்கு மெதுநேரம் என்று பெயர், வெளியுலகினது விரைநேரம்.