மாவு வெடிக்குமா?

சப்பாத்திக்குப் பிசையும் கோதுமை மாவு வெடிக்குமா?

வெடிக்கும்! ஏழு மாடிக் கட்டடத்தையே அது தகர்த்து இருக்கிறது.

அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள நகரம், மின்னியாபோலிஸ். அங்கே வாஷ்பர்ன் என்பவருக்குப் பெரிய மாவு மில் ஒன்று இருந்தது. ஆற்று நீரின் விசையால் அதன் கற்கள் சுழன்றன.

1878-ம் ஆண்டு மே மாதம் 2-ந் தேதி, மாலை சுமார் 7 மணி. பகல் நேரத் தொழிலாளர்கள் வீடு திரும்பிவிட்டார்கள். இரவு வேலைக்கு வந்த 14 பேர் உள்ளே இருந்தார்கள்.

திடீர் என்று பயங்கரச் சத்தம்! கூரை ஆகாயத்தில் பறந்தது. மில் தரைமட்டம் ஆயிற்று. 14 பேரும் மாண்டார்கள். பக்கத்து மில்களையும் தீ விழுங்கியது. அங்கே மேலும் 4 பேர் இறந்தார்கள்.

வெடித்தது குண்டு அல்ல, மாவுத் தூசி!

எப்படி வெடித்தது?

விறகுக் கட்டை மெதுவாக எரியும். அதையே சிறு சிறு சிராய்களாக உடைத்துப் போட்டால், குபீர் என்று பற்றிக்கொள்ளும். மாவுத் தூசி அதைவிடப் பல மடங்கு சிறியது.

பாத்திரத்தில் குவித்து வைத்த மாவு வெடிக்காது. ஆனால் மூடிய இடத்தில், காற்றில் அடர்த்தியாக மிதக்கும் மாவுக்கு ஒரு பொறி போதும்.

அந்தப் பொறி எப்படி வந்தது? அரைக்கும் கற்களுக்கு நடுவே தானியம் தீர்ந்துவிட்டது. கல்லோடு கல் உரசிப் பொறி பறந்தது. இதுதான் காரணம் என்று கருதப்படுகிறது.

மில் சொல்லும் எச்சரிக்கை

மில் கெடுவதற்கு முன்னால் குறி காட்டும். அதைக் கவனிக்க வேண்டும்.

தானியம் இல்லாமல் கல் ஓடக்கூடாது. தானியம் தீரும்போது மணி அடிக்கும் ஏற்பாடு பழைய மில்களிலேயே உண்டு.

மாவு வழக்கத்தைவிட அதிகமாகச் சுடுகிறதா? கற்கள் நெருக்கமாக இருக்கலாம்; அல்லது மழுங்கி இருக்கலாம். மழுங்கிய கல்லைக் கொத்த வேண்டும்.

பேரிங் சுடுகிறதா? கிரீஸ் குறைந்தாலும் சுடும். அளவுக்கு மிஞ்சினாலும் சுடும்.

'டக் டக்' என்று சத்தம் வருகிறதா? ஆணியோ போல்ட்டோ உள்ளே விழுந்திருக்கலாம். உடனே மில்லை நிறுத்த வேண்டும். தானியம் கொட்டும் வாயில் காந்தம் வைத்தால், இரும்பை அது பிடித்துக்கொள்ளும்.

சுவரிலும் உத்தரத்திலும் தூசி படிய விடக்கூடாது. முதல் வெடிப்பு சிறியதாக இருக்கும். அது படிந்த தூசியைக் கிளப்பிவிடும். இரண்டாவது வெடிப்புதான் கட்டடத்தையே சாய்க்கும். தூசியைக் காற்று அடித்துப் பறக்கவிடுவதும் ஆபத்து. மில்லுக்குள் பீடி, சிகரெட் கூடவே கூடாது.

பழுது பார்க்கும் முன், மின்சாரத்தை அடியோடு துண்டித்து, சுவிட்சைப் பூட்டிவிட வேண்டும். அதன்பிறகே உள்ளே கை வைக்கலாம்.

மீண்டும் எழுந்தது

வாஷ்பர்ன் மில் 1880-ல் மறுபடியும் கட்டப்பட்டது. இந்த முறை தூசியை உறிஞ்சும் கருவிகள் வைத்தார்கள். 1965-ல் அது மூடப்பட்டது. 2003-ல் அங்கே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

கல்லுக்குத் தானியம், பேரிங்குக்கு அளவான கிரீஸ், தரைக்குத் துடைப்பம். இவை மூன்றும் தவறாமல் இருந்தால், மில்லுக்குப் போனவர் பத்திரமாக வீடு திரும்புவார்.