தலைச்சுற்றலும் காது கேளாமையும்: எந்தப் படம், எப்பொழுது?

தலைச்சுற்றலோ காது கேளாமையோ உற்றவர் அனைவருக்கும் தலையைப் படமெடுத்துப் பார்க்க வேண்டுமென்பதில்லை. எப்படம் தேவை என்பதை நோய்க்குறிகளே தீர்மானிக்கின்றன.

படுக்கையில் புரளும்பொழுது தோன்றி ஒரு நிமிடத்திற்குள் அடங்கிவிடும் சுழற்சி, பெரும்பாலும் உட்செவியிலுள்ள நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் பெயர்வதால் உண்டாவது. தலையைச் சாய்த்துக் கண்ணசைவை நோக்கியே டாக்டர் இதனை அறிவார், படம் தேவையில்லை.

காது கேளாமைக்கு முதலில் கேட்கும் திறனைச் சோதித்தல் வேண்டும். நடுச்செவி எலும்பில் பழுது என்று ஐயுற்றால், எலும்பைத் தெளிவாகக் காட்டும் சி.டி. படம் ஏற்றது. ஒரு காதில் மட்டும் நரம்புவழிக் குறை காணப்படின், செவி நரம்பில் கட்டி உளதா என அறிய எம்.ஆர்.ஐ. படம் எடுக்கப்படும்.

தலைச்சுற்றலுடன் பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, நிற்க இயலாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், மூளையில் இரத்த ஓட்டம் தடைப்பட்டிருக்கலாம். உடனே மருத்துவமனைக்கு அனுப்புக. சிறுமூளைப் பகுதியின் இப்பாதிப்பைத் தொடக்கத்தில் சி.டி. பெரும்பாலும் காட்டாது. எம்.ஆர்.ஐ. மேலானது, எனினும் முதல் 48 மணி நேரத்தில் அதுவும் சிலவேளை தவறக்கூடும். ஆகவே, படத்தில் குறை காணாமையை மட்டும் கொண்டு அபாயம் நீங்கியதெனக் கருதலாகாது.

ஒரு காது திடீரெனக் கேளாது போயின், படத்திற்காகக் காத்திராது அன்றே காது நிபுணரிடம் அனுப்புதல் வேண்டும். எந்தக் காது, எப்பொழுது தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது என்னும் மூன்றையும் சீட்டில் குறித்தனுப்புவது, தகுந்த படத்தைத் தேர்ந்தெடுக்க டாக்டருக்குப் பேருதவியாகும்.