பிரதம பயிற்சியாளரின் பொறுப்பு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கலாசாலை விளையாட்டுக்களை நிர்வகித்து வரும் தேசியக் கலாசாலை விளையாட்டுச் சங்கம், 2023-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல் தன் விதி ஒன்றைத் திருத்தி அமலுக்குக் கொண்டு வந்தது. ஒரு கோஷ்டியின் உதவிப் பயிற்சியாளரோ, அதன் சிப்பந்திகளில் வேறு எவரோ சங்கத்தின் விதிகளை மீறினால், அக்குற்றத்திற்குப் பிரதம பயிற்சியாளரே பொறுப்பாளி என்பது அத்திருத்தம். 2012-ம் ஆண்டில் ஏற்பட்ட முந்தைய விதியின்படி, தாம் தக்க மேற்பார்வை செய்து வந்ததாக ருஜுப்படுத்தினால் அவர் பொறுப்பிலிருந்து விடுபடலாம். இப்பொழுது அந்த வழி அடைபட்டு விட்டது. அவருடைய மேற்பார்வையைக் கருதித் தண்டனை குறையலாம், பொறுப்பு நீங்காது. "எனக்குத் தெரியாமல் நடந்தது" என்ற பழைய சமாதானம் இனிச் செல்லாது.

அதிகாரம் ஓரிடத்திலும் பொறுப்பு வேறிடத்திலும் இருந்தால் என்ன விளையும் என்பதை, 1919-ம் வருஷத்துச் சட்டம் தந்த இரட்டையாட்சியில் நம்மவர் கண்டறிந்தவர்கள். ஆதலின் அதிகாரமுள்ளவரிடமே பொறுப்பையும் கொண்டு சேர்க்கும் ஏற்பாடு எதுவாயினும் நாம் வரவேற்கவே செய்வோம். ஆனால் இவ்விதி எவ்வளவு தூரம் செல்கிறது, எங்கே நின்று விடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அதைச் சோதித்தறியப் பெண்கள் கால்பந்தாட்டம் தகுந்த இடமாகும்.

1972-ம் ஆண்டில் அந்நாட்டில் நிறைவேறிய கல்விச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு, சர்க்கார் பணம் பெறும் கல்வி ஸ்தாபனம் எதுவும் ஆண் பெண் வேற்றுமை பாராட்டலாகாது என்று விதித்தது. அப்பிரிவில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. எனினும் பெண்கள் விளையாட்டு அதன் நிழலிலேதான் வளர்ந்தது. 1982-ல் மேற்படி சங்கம் பெண்களுக்காக முதல் கால்பந்துப் போட்டியை நடத்தியபோது அதில் கலந்துகொண்டவை 12 கோஷ்டிகள். இன்று முதற் பிரிவில் மட்டும் முந்நூறுக்கு மேற்பட்ட கோஷ்டிகள் உள்ளன. இறுதிப் போட்டித் தொடருக்கு 64 கோஷ்டிகள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. இதில் விசித்திரம் ஒன்று உண்டு. 1972-ல் எல்லா விளையாட்டுக்களையும் சேர்த்துப் பார்த்தால், கலாசாலைப் பெண்கள் கோஷ்டிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றிற்குப் பெண்களே தலைமைப் பயிற்சியாளராயிருந்தனர். பணமும் மதிப்பும் வந்து சேர்ந்த பின் ஆடவர் வந்து சேர்ந்தனர்; இன்று பெண்கள் தலைமை வகிப்பவை பாதிக்கும் குறைவு.

பிரதம பயிற்சியாளர் என்றால் பந்தை உதைக்கக் கற்றுக் கொடுப்பவர் என்று எண்ணிவிடக் கூடாது. உயர்தரப் பள்ளியில் படிக்கும் பெண்களைத் தேடிக் கண்டு கலாசாலைக்கு அழைத்து வருபவர் அவர். உபகாரச் சம்பளம் யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பவரும் அவரே. ஆட்டத்தில் யார் இறங்குவது, யார் வெளியில் அமர்வது, யார் அடுத்த வருஷம் கோஷ்டியில் இருப்பது என்பன எல்லாம் அவர் வாக்கில் இருக்கின்றன. பதினெட்டு வயதில் பெற்றோரை விட்டு ஆயிரம் மைல் தள்ளி வந்த ஒரு பெண்ணுக்கு, அவர் ஆசிரியர், எஜமானர், காப்பாளர் மூவரும் ஒருங்கே சேர்ந்தவர். முன்னர் எட்டாம் வகுப்புச் சிறுமிகளிடம்கூட வாய்மொழி வாக்குறுதி வாங்கிவந்தனர். 2019-ல்தான், பத்தாம் வகுப்பு முடிந்த ஆண்டின் ஜூன் 15-ந் தேதிக்கு முன் பயிற்சியாளர் மாணவியுடன் இவ்விஷயமாகப் பேசலாகாது என்று விதி ஏற்பட்டது. 2025-ம் ஆண்டு ஜூன் மாதம் கோர்ட்டு அங்கீகரித்த ஒரு சமரசத்தின் பலனாக, 14 உபகாரச் சம்பளங்கள் என்ற பழைய வரம்பு நீங்கி, கோஷ்டிக்கு 28 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. இருபத்தொன்பதாம் பெண்ணை விலக்கும் வேலையும் பிரதம பயிற்சியாளருடையதே. இவ்வாறு இடமிழந்தவர்களுக்குப் பாதுகாப்புச் செய்யாத வரையில் சமரசத்தை அங்கீகரிக்க நீதிபதி மறுத்தார் என்பதைப் பாராட்டி இங்கே குறிப்பிடுகிறோம்.

கோஷ்டிக்கு ஆள் பொறுக்கும் இந்த அதிகாரம் எவ்வளவு விலை பெறும் என்பதை 2019-ல் உலகம் கண்டது. யேல் சர்வகலாசாலையில் பெண்கள் கோஷ்டியின் பிரதம பயிற்சியாளராயிருந்த ரூடி மெரிடித், போட்டி ஆட்டம் ஆடாத ஒரு பெண்ணைச் சிறந்த ஆட்டக்காரி என்று காட்டிச் சேர்ப்பதற்காக 400,000 டாலர் லஞ்சம் வாங்கினார். குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு 2022-ல் ஐந்து மாதச் சிறைவாசம் விதிக்கப்பட்டது. சேர்ந்தவர் ஒருவராயின், அந்த இடத்தை இழந்தவர் யார் என்பது எந்த விசாரணையிலும் வெளிவராது.

ஆனால் பணத்தைப் பற்றிய குற்றம் எளிதில் அகப்படும். அகப்படாதது வேறு. இதற்கு வட கரோலினா சர்வகலாசாலையின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். அங்கே பெண்கள் கோஷ்டியை 1979 முதல் 2024 வரை நாற்பத்தைந்து ஆண்டுகள் நடத்தியவர் ஆன்ஸன் டோரன்ஸ். 1951-ல் நமது பம்பாய் நகரிலே பிறந்தவர் அவர் என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாயிருக்கும். 1982 முதல் 2000 வரை நடந்த 19 சங்கப் போட்டிகளில் 16-ஐ அவருடைய கோஷ்டி வென்றது. அவர் காலத்தில் மொத்தம் 21. 1991-ல் சீனாவில் நடந்த பெண்களின் முதல் உலகக் கோப்பையை வென்ற அமெரிக்கக் கோஷ்டிக்கும் அவரே பயிற்சியாளர். மியா ஹாம் முதலியோர் அவர் கையில் உருவானவர்கள். அதே சர்வகலாசாலையின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் டீன் ஸ்மித்திடம் கண்ட முறையைப் பின்பற்றி, ஒவ்வொரு நாள் பயிற்சியிலும் ஒவ்வொரு பெண்ணின் ஓட்டத்தையும், பந்தடியையும், வெற்றி தோல்வியையும் எண்ணிக் குறித்து வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டச் செய்தார். பெண்கள் போட்டியிட அஞ்சுவர் என்ற மூடக்கொள்கையை இதைவிட நன்றாக எவரும் தகர்த்ததில்லை. இதை நாம் மனமார ஒப்புக்கொள்கிறோம்.

1998-ல் அவர்மீதும் சர்வகலாசாலையின்மீதும் முன்னாள் ஆட்டக்காரிகள் இருவர் வழக்குத் தொடுத்தனர். மாணவிகளின் அந்தரங்க வாழ்க்கையைப் பற்றிப் பயிற்சியின்போது அவர் கேள்வி கேட்டார், தகாத பேச்சில் கலந்துகொண்டார் என்பது புகார். தாம் தவறான நோக்கம் கொண்டதில்லை என்று அவர் மறுத்தார். ஒருவருடைய வழக்கு 2004-ல் சமரசமாயிற்று. மற்றவருடைய வழக்கை விசாரிக்கலாம் என்று 2007-ல் மேல் கோர்ட்டின் முழு பெஞ்சு தீர்ப்பளித்தது. 2008 ஜனவரியில் 385,000 டாலருக்கு அதுவும் சமரசமாகி, தகாத பேச்சில் தாம் கலந்துகொண்டதற்கு டோரன்ஸ் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்டார். கோர்ட்டில் குற்றம் எதுவும் ருஜுவாகவில்லை என்பதை நியாயத்தை முன்னிட்டுச் சொல்ல வேண்டும். நம் கவனத்தைக் கவர்வது வேறொரு விஷயம். அந்த மாணவி முதன்முதலில் சர்வகலாசாலை அதிகாரியிடம் முறையிட்டபோது, பயிற்சியாளரிடமே பேசித் தீர்த்துக்கொள்ளும்படி தமக்குச் சொல்லப்பட்டதாக வழக்கில் கூறினார். முறையீடு தொடங்கி முடிவு காணப் பத்தாண்டுக்கு மேல் சென்றது. ஒவ்வொரு பந்தடியையும் எண்ணிக் குறித்த அந்தக் கோஷ்டியில், ஒரு பெண் எத்தனை நாள் வெட்கித் தலை குனிந்தாள் என்று குறிக்க ஏடு இருக்கவில்லை.

இது ஒரு கலாசாலையோடு நின்ற விஷயமன்று. கலாசாலையிலிருந்து தொழில் ஆட்டத்திற்குச் சென்ற பெண்கள் பட்ட இன்னல்களைப் பற்றி, அமெரிக்கக் கால்பந்து சம்மேளனத்தின் வேண்டுகோளின்மேல் ஸாலி யேட்ஸ் அம்மையார் விசாரித்து 2022 அக்டோபரில் அறிக்கை வெளியிட்டார். இருநூறு பேருக்கு மேல் சாட்சியம் பெறப்பட்டது. புகார்கள் வருஷக் கணக்கில் புறக்கணிக்கப்பட்டதையும், ஒரு கோஷ்டியை விட்டு நீக்கப்பட்ட பயிற்சியாளர் மற்றொரு கோஷ்டியில் வேலை பெற்றதையும், இவ்வழக்கம் சிறுவயது ஆட்டத்திலேயே வேரூன்றியிருப்பதையும் அவ்வறிக்கை எடுத்துக் காட்டியது.

இனி விதிக்குத் திரும்புவோம். ஆட்ட காலத்தில் வாரத்திற்கு 20 மணிக்கு மேல், நாளுக்கு 4 மணிக்கு மேல் பயிற்சி தரக்கூடாது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும். இதை உதவியாளர் மீறினாலும் பிரதம பயிற்சியாளர் பதில் சொல்ல வேண்டும். நல்லது. (பிரயாண நேரம் இக்கணக்கில் சேராது என்பதையும், போட்டி நாள் எவ்வளவு நீண்டாலும் மூன்று மணி என்றே எழுதப்படும் என்பதையும் இவ்விதியைப் புகழ்வோர் மறந்து விடுகின்றனர்.) முழங்கால் தசைநார் அறுந்துபோகும் விபத்து, ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக நேருகிறது. அதைக் குறைக்கவல்ல தயார்ப்பயிற்சி முறைகள் உள்ளன. ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் போதும். காயம்பட்டவர் மீண்டும் ஆடலாமா என்று தீர்மானிப்பது வைத்தியரின் உரிமை, பயிற்சியாளருடையதன்று என்று பெரிய கலாசாலைகளில் 2016 முதல் ஏற்பட்டிருக்கிறது. இதுவும் நல்லதே.

ஆயின், ஒரு மாணவியை இழிவுபடுத்துவது சங்கத்தின் விதிகளை மீறிய குற்றமாகுமா? 2021-ல் பேலர் சர்வகலாசாலையின் ஆடவர் கோஷ்டியைப் பற்றிய வழக்கில் இக்கேள்வி வேறோர் உருவில் எழுந்தது. பெண்களுக்கு இழைக்கப்பட்ட பலாத்காரம் பற்றிய செய்திகளை அதிகாரிகள் உரிய இடத்தில் தெரிவியாதிருந்தனர் என்பது வெளிப்படை. இருந்தும் அது தன் விதிகளை மீறிய செயல் என்று சொல்ல இடமில்லையென, சங்கத்தின் விசாரணைக் குழு மனமின்றியே தீர்ப்புச் சொல்லிற்று. ஒரு மணி நேரம் அதிகமாகப் பயிற்சி தந்தவர் தண்டனைக்குரியவர். ஒரு பெண்ணின் முறையீட்டை மூடி வைத்தவர் அல்லர்! பிரதம பயிற்சியாளரின் பொறுப்பு என்று இன்று பேசப்படுவது இவ்வளவே.

2024 ஏப்ரலில் மாணவிகள் எத்தனை முறையும் கலாசாலை மாறித் தடையின்றி ஆடலாம் என்று விதி தளர்த்தப்பட்டது. துன்புற்றவருக்கு இது ஒரு பரிகாரம் என்று சிலர் சொல்லுகின்றனர். நாம் இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. படிப்பையும் தோழியரையும் விட்டு வெளியேற வேண்டியவர் மாணவி, இருக்கையில் நீடிப்பவர் பயிற்சியாளர் என்றால், அது பரிகாரமா?

செய்ய வேண்டியது பெரிய காரியமன்று. பிரதம பயிற்சியாளரின் கடமைகளை விவரிக்கும் விதியில், கோஷ்டியிலுள்ள ஒவ்வொரு மாணவியின் மானத்தையும் பாதுகாப்பையும் காப்பது அவர் கடமை என்றும், அதில் தவறினால் மற்றக் குற்றங்களைப் போலவே விசாரணையும் தண்டனையும் உண்டென்றும் ஒரு ஷரத்துச் சேர்க்க வேண்டும். முறையீட்டைக் கேட்பவர், விளையாட்டு இலாகாவின் சம்பளம் வாங்காதவராயிருக்க வேண்டும். வென்ற கோப்பைகளை எண்ணி வேலையைப் புதுப்பிக்கும் கலாசாலைகள், கோஷ்டியை விட்டு விலகிய மாணவிகளிடமும் காரணம் கேட்டு எழுதி வைக்கலாம். சங்கத்தின் மகாநாடு ஆண்டுதோறும் ஜனவரியில் கூடுகிறது. இத்தகைய ஷரத்துக்காகக் கலாசாலைத் தலைவர்கள் அங்கே குரல் எழுப்பலாம்.