தொட்டியில் ஒரு பழத்தோட்டம்

எங்கள் வகுப்பில் 42 பேர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் வாடகை வீட்டில் குடியிருப்பவர்கள். வாடகை வீட்டு மண்ணில் ஒரு மாங்கன்றை வைத்தால், அது பூக்கும் காலத்தில் நாம் வேறு தெருவுக்குக் குடிபோயிருப்போம், பழம் வீட்டுக்காரருக்கு. தொட்டியில் வைத்த மரமோ, சாமான்களோடு வண்டியேறி நம்முடனே வந்துவிடும். இந்த ஆசையில்தான், நாங்கள் ஏழாம் வகுப்பில் படித்தபோது பள்ளியின் மொட்டை மாடியில் ஐந்து தொட்டிகளில் பழக்கன்றுகள் வைத்தோம். இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறோம். இந்த மூன்றாண்டுகளில் கற்றதையும் கெடுத்ததையும் தோழியருக்காக இங்கே எழுதுகிறோம்.

முதலில், பெரிய மரம் எப்படிச் சிறியதாகும்? தொட்டி, வேரை ஓடவிடாமல் தடுப்பது ஒரு காரணம். வேர் ஓடாவிட்டால் கிளையும் ஓடாது. ஆனால் அது மட்டும் போதாது. கன்று ஒட்டுக்கன்றாகவோ பதியன் கன்றாகவோ இருக்கவேண்டும். மாங்கொட்டையை ஊன்றி வைத்தால் காய்க்க ஆறு, ஏழு ஆண்டுகள்கூட ஆகலாம். ஒட்டுக்கன்றில் மேற்பாகம் ஏற்கெனவே காய்த்த மரத்தின் கிளை. கன்று சிறியதானாலும் அந்தக் கிளை பருவமடைந்தது. ஆகவே மூன்று, நான்கு ஆண்டுகளிலேயே காய்க்கிறது.

மூன்றாவது காரணம் இனம். தில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1970களில் வெளியிட்ட 'ஆம்ரபாலி' என்னும் மா, இயல்பாகவே குட்டையானது. வடநாட்டுத் தசேரியின் பூவில் நீலத்தின் மகரந்தத்தைச் சேர்த்துப் பெற்றது. அந்த நீலம் நம் தமிழ்நாட்டு மாம்பழம்தான்! குளிர்நாடுகளில் ஆப்பிளைக் குட்டையாக்க, குட்டை வேர்க்கன்றில் ஒட்டுகிறார்கள். இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையம் தந்த 'எம்.27' என்னும் வேர்க்கன்றில் ஒட்டிய ஆப்பிள் மரம் ஆள் உயரத்தோடு நின்றுவிடும். ஐரோப்பாவில் பழங்காலம் முதலே இப்படிப்பட்ட குட்டை வேர்க்கன்றுக்கு 'பாரடைஸ்' என்றே பெயர். இதைக் கேட்டதும் எங்கள் மறைக்கல்வி சிஸ்டருக்கு ஒரே சிரிப்பு. ஆனால் ஆப்பிளுக்குக் குளிர்காலம் வேண்டும். நம் சமவெளிக்கு அந்த ஆசை வேண்டாம். எலுமிச்சை, மாதுளை, கொய்யா, அத்தி, குட்டை மா ஆகியவை போதும். முதன்முதலாக வைப்பவர்கள் எலுமிச்சையையோ மாதுளையையோ எடுத்துக்கொள்வது நல்லது. மாவுக்குப் பொறுமை அதிகம் வேண்டும்.

தொட்டி ஒன்றரை அடி அகலமும் அதே ஆழமும் கொண்டிருந்தால் எலுமிச்சைக்குப் போதும். மாவுக்குப் பெரிய நீல டிரம்மைப் பாதியாக அறுத்து வைத்தோம். (பெற்றோருக்கு ஒரு வார்த்தை: 100 லிட்டர் மண் நனைந்தால் 150 கிலோவுக்குக் குறையாது. மாடியின் நடுவில் வைக்காமல், கீழே சுவர் உள்ள ஓரமாகப் பார்த்து வையுங்கள்.) செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழேயே மண் நிற்கட்டும். தண்ணீர் தேங்கி இறங்க இடம் வேண்டும். ஒட்டுப் போட்ட முடிச்சு மண்ணுக்கு மேலே தெரியவேண்டும். அதற்குக் கீழே துளிர் வந்தால் இரக்கம் பார்க்காமல் கிள்ளிவிடுங்கள். அது வேர்க்கன்றின் துளிர். விட்டால் ஒட்டுக்கிளையை மூடி வளர்ந்துவிடும்.

இனி எங்கள் முதல் எலுமிச்சையின் கதை. தண்ணீர் ஊற்ற ஒன்பது பேர் முறை வைத்துக்கொண்டோம். முறை இல்லாதவர்களும் அன்பு மிகுதியால் ஆளுக்கு ஒரு குவளை ஊற்றிவிட்டுப் போனோம். இலை மஞ்சளானது. தாகம் போலிருக்கிறது என்று எண்ணி இன்னும் ஊற்றினோம். ஆகஸ்டு மாதம் இலைகள் எல்லாம் உதிர்ந்துவிட்டன. எங்கள் தோட்டக்காரத் தாத்தா வந்து தொட்டியைக் கவிழ்த்தார். வேர் கறுத்து, அழுகிய நாற்றம் அடித்தது. "பிள்ளைகளா, இது தாகத்துல சாகல, மூழ்கிச் செத்திருக்கு" என்றார். அன்று அழுதவர்களின் பெயரை இங்கே எழுதவில்லை. தொட்டியைத் தரையோடு தரையாக வைத்திருந்ததால் அடித்துளை அடைபட்டுப்போயிருந்தது. வேருக்கும் மூச்சு வேண்டும். மண்ணின் இடுக்குகளில் உள்ள காற்றைத் தண்ணீர் வெளியேற்றிவிட்டால் வேர் திணறி அழுகிவிடும்.

அதன்பின் எல்லாத் தொட்டிகளையும் மூன்று செங்கல் மேல் தூக்கி வைத்தோம். துளையின்மேல் வளைந்த ஓட்டுச் சில்லைக் கவிழ்த்தோம். தண்ணீர் ஊற்றுமுன் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்க்கிறோம். ஈரம் பட்டால் அன்று தண்ணீர் இல்லை. கோடையில் அநேகமாகத் தினமும் ஊற்றவேண்டியிருக்கும். மழைக்காலத்தில் பல நாள் தேவையே இராது. வெயில் மட்டும் நாளைக்கு ஆறு மணி நேரமாவது வேண்டும்.

மாதுளை எங்களை வேறு விதமாகப் பயமுறுத்தியது. பூத்த பூவெல்லாம் கொட்டின. உற்றுப் பார்த்தபோதுதான் பூவில் இரண்டு வகை இருப்பது தெரிந்தது. அடி பருத்துக் குடம்போல் இருப்பது காயாகும். அடி குறுகி மணிபோல் இருப்பது ஆண் பூ, அது உதிரத்தான் செய்யும். ஆனால் காய் வெடித்தது எங்கள் பிழை. அரையாண்டு விடுமுறையில் காயவிட்டு, திரும்பி வந்ததும் ஆவலோடு ஊற்றினோம். காய்ந்த செடிக்குத் திடீரென்று தண்ணீர் கிடைத்தால் உள்ளே முத்துக்கள் பெருக்கும், தோல் தாங்காது.

எலுமிச்சை இலையில் பறவை எச்சம் போல ஏதேனும் ஒட்டியிருந்தால் அது எச்சம் அன்று, புழு! வளர்ந்ததும் பச்சையாகி ஒரே வாரத்தில் சிறு கன்றை மொட்டையாக்கிவிடும். கையால் பொறுக்கினால் போதும். இரண்டை மட்டும் விட்டு வைக்கும்படி அறிவியல் சிஸ்டர் சொன்னார்கள். அவை பட்டாம்பூச்சியாகிப் பறந்ததை ஆறாம் வகுப்பு முழுவதும் வந்து பார்த்தது. மாவுப்பூச்சிக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கிறோம்.

முதலாண்டில் வரும் பூக்களைக் கிள்ளிவிடவேண்டும். மனம் வராதுதான். ஆனால் சிறு கன்று காய்த்தால் வளர்ச்சி நின்றுபோகும். இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கன்றை வெளியே எடுத்து, சுற்றிப் படர்ந்த வேரை ஓர் அங்குலம் சீவி, புது மண்ணிட்டு நடவேண்டும். கொய்யாவுக்கு இந்த ஜூனில் அது செய்யவேண்டியிருக்கிறது. அப்போது நாங்கள் இங்கே இருப்போமோ என்னவோ.

ஆகவே ஏழாம் வகுப்புத் தங்கைகளே, தொட்டிகள் நூலகத்துக்கு மேலுள்ள மாடியில் கிழக்கு ஓரம் இருக்கின்றன. கோடை விடுமுறைக்கு மூன்று தொட்டிகளைக் கன்னியர் இல்லத்தில் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். மாதுளைக்கும் அத்திக்கும் இன்னும் ஆள் வேண்டும். இரண்டாவது எலுமிச்சையில் இப்போது 14 காய்கள். பறிக்கும்போது திருகி இழுக்காமல், கத்தரியால் காம்போடு வெட்டுங்கள்.