கறுப்பின் மேல் வெள்ளி

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 போர்விமானங்கள் விடைபெற்றதைத் தொலைக்காட்சியில் பார்த்த ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர், அதே விமானத்தின் 1/72 அளவு பிளாஸ்டிக் மாதிரியை வரவழைத்து ஒட்டி முடித்திருக்கிறார். பழைய புகைப்படங்களில் உள்ளதுபோல வெற்று உலோகமாகப் பளபளக்க வேண்டும் என்பது அவர் ஆசை. வெள்ளி பெயின்ட் டப்பா ஒன்றை வாங்கிப் பிரஷால் பூசினாராம். "விமானம் மாதிரி இல்லை சார், மொட்டைமாடிக் கைப்பிடிக் கம்பி மாதிரி இருக்கிறது. டப்பாவில் அலுமினியம் பெயின்ட் என்றுதான் போட்டிருக்கிறது. அலுமினியத்தைப் பூசினால் ஏன் அலுமினியமாகத் தெரிய மாட்டேன் என்கிறது என்று மகள் கேட்கிறாள்" என்று அவருடைய அப்பா எழுதியிருக்கிறார்.

டப்பா பொய் சொல்லவில்லை. அதற்குள் இருப்பது அசல் அலுமினியம்தான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரு வெள்ளைக் காகிதத்தையும் புது எவர்சில்வர் தட்டையும் அருகருகே வையுங்கள். தன்மேல் விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதில் காகிதம் தட்டுக்குச் சளைத்ததல்ல. சொல்லப்போனால் ஒருபடி மேல். ஆனால் காகிதம் அதை எல்லாத் திசையிலும் இறைத்துவிடுகிறது. தட்டு, வந்த கோணத்திலேயே வரிசை குலையாமல் அனுப்புகிறது. அதனால்தான் தட்டில் ஜன்னல் தெரிகிறது, ஜன்னல் கம்பி தெரிகிறது, நாம் தலையை அசைத்தால் அவையும் அசைகின்றன. கண் உலோகம் என்று அடையாளம் காண்பது இந்த அசைவைத்தான். வெள்ளி என்று நாம் சொல்வது நிறத்தின் பெயரே அல்ல. அது ஒளி திரும்பும் ஒழுங்கின் பெயர்.

அந்த ஒழுங்குக்கு ஓர் அளவுகோல் உண்டு. மேற்பரப்பின் மேடுபள்ளம் ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குக்குள் இருந்தால் அது வழவழப்பு, மிஞ்சினால் சொரசொரப்பு. ராலே பிரபுவின் பெயரால் வழங்கும் விதி இது. பச்சை ஒளிக்கு அலைநீளம் 550 நானோமீட்டர் என்றால் எட்டில் ஒன்று சுமார் 70 நானோமீட்டர், அதாவது தலைமுடியின் கனத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. விரல் நுனிக்கு வழுக்குகிற பரப்பு ஒளிக்குக் கரடுமுரடான மலைப்பாதையாக இருக்கலாம். இதே விதியில் கோணமும் உண்டு. காகிதத்தைக் கண்மட்டத்துக்குத் தூக்கி, அதன் விளிம்போரமாக ஜன்னலைப் பாருங்கள். சொரசொரப்பான காகிதம்கூட அந்தச் சாய்வில் மினுங்கும். சாய்ந்து வரும் ஒளிக்கு மேடுகள் உயரம் குறைந்துவிடுகின்றன.

இனி டப்பாவுக்குள் வருவோம். என்னை மயக்கிய இடம் இதுதான், கொஞ்சம் நின்று போகலாம்.

அலுமினியம் பெயின்ட்டில் இருப்பது பொடி இல்லை, செதில். அலுமினியத் துகள்களைத் திரவத்தில் போட்டு, இரும்புக் குண்டுகள் உருளும் பீப்பாயில் அரைத்துத் தட்டையாக்குகிறார்கள். உலர்ந்த அலுமினியத் தூள் காற்றில் பறந்தால் வெடிக்கும் என்பதால் ஈரமாக அரைப்பது. அப்போது ஸ்டியரிக் அமிலமும் சேர்க்கிறார்கள். மெழுகுவர்த்தியில் கலக்கும் அதே கொழுப்பு அமிலம். அது ஒவ்வொரு செதிலின்மேலும் மெழுகுபோலப் படிந்துகொள்கிறது. பெயின்ட் தொழிலில் இந்த வகைக்கு லீஃபிங் என்று பெயர். இலை என்று தெரிந்தேதான் வைத்திருக்கிறார்கள். செதில்கள் நடந்துகொள்வது அச்சாகத் தாமரைக்குளம்.

பூசிய பெயின்ட்தான் குளம். பிசினும் தின்னரும் தண்ணீர். மெழுகு பூத்த தாமரை இலை நனையாமல் மேலே மிதப்பதுபோல, ஸ்டியரிக் அமிலம் பூண்ட செதிலும் பிசினில் நனையாமல் மேற்பரப்புக்கு வந்து மல்லாந்து படுக்கிறது. இலைக்கு மேல் இலை ஏறிக் குளத்தை மூடிவிடுகிறது. கரையிலிருந்து பார்த்தால் தண்ணீரே தெரியாது. கோடை வந்து தண்ணீர் வற்றும்போது இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையோடு அமுங்குமே, தின்னர் ஆவியாகும்போதும் அப்படித்தான் செதில்கள் இன்னும் தட்டையாகப் படிகின்றன. காய்ந்த பிறகு தேய்த்தால் விரலில் வெள்ளி ஒட்டுகிறதல்லவா? இலை மேலேயே கிடக்கிறது, பிடித்துவைக்க அதன்மேல் தண்ணீர் இல்லை. அதைத் தடுக்க வார்னிஷ் அடித்தால், குளத்தில் புது வெள்ளம் வந்த கதை: இலைகள் கலைந்து முழுகும், பளபளப்பு மங்கும். பிரஷால் திரும்பத் திரும்ப இழுத்தால் அது எருமை இறங்கிய குளம். இலைகள் புரண்டு விளிம்பில் நிற்கும், பிரஷ் போன தடமெல்லாம் கோடு கோடாகத் தெரியும். அந்த மாணவியின் விமானத்தில் நடந்தது இதுதான்.

எருமையே இறங்காவிட்டாலும் தாமரைக்குளம் கண்ணாடி ஆகாது. ஒவ்வொரு இலையும் ஒரு துளி வேறு பக்கம் சாய்ந்திருக்கிறது, விளிம்புகள் பிய்ந்திருக்கின்றன. ஒளி பொதுவாக ஒரே பக்கம் திரும்பும், ஆனால் உருவம் கலங்கிப்போகும். கைப்பிடிக் கம்பிக்கு அது போதும். விமானத்துக்குப் போதாது.

விமான மாதிரிக்காரர்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி முதலில் கேட்கும்போது விபரீதமாக இருக்கும். வெள்ளி அடிப்பதற்கு முன் விமானம் முழுவதையும் பளபளப்பான கறுப்பாக்குகிறார்கள். அதன்மேல் மிக மெல்லிய செதில்கள் கொண்ட பெயின்ட்டை ஏர்பிரஷில் தூவுகிறார்கள். இந்தச் செதில் அரைத்து வருவதல்ல. வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் பாலியெஸ்டர் தாளில் படியவைத்து, உரித்து, நொறுக்கி எடுப்பது. சிப்ஸ் பாக்கெட்டின் உட்பக்க வெள்ளியும் இப்படித்தான் படியவைக்கப்படுகிறது. இதன் கனம் சில பத்து நானோமீட்டர். இவ்வளவு மெல்லிசான செதிலுக்குத் தனக்கென்று விறைப்பு கிடையாது. ஈரத் துணிபோல அடியில் இருப்பதன்மேல் படிந்துவிடும். அடிப்பரப்பு வழவழப்பானால் அதுவும் வழவழப்பு, அடியில் உப்புத்தாள் கீறல் இருந்தால் அதுவும் கீறல்.

சமையலறையில் செய்து பார்த்தேன். இரண்டு பிளாஸ்டிக் ஸ்பூன்கள். ஒன்றுக்கு மங்கலான சாம்பல் பிரைமர், இன்னொன்றுக்குப் பளபளப்புக் கறுப்பு. ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, இரண்டின்மேலும் ஒரே குப்பியிலிருந்து மெல்லிசாகத் தூவினேன். சாம்பல் ஸ்பூனில் டியூப்லைட் ஒரு வெளிறிய திட்டு. கறுப்பு ஸ்பூனிலோ டியூப்லைட் கம்பியாக விழுந்தது. அதன் நுனியில் இருக்கும் பிடிப்புக்கூடப் பிரிந்து தெரிந்தது. ஆசையில் கறுப்பு ஸ்பூனின் பாதிக்கு இன்னும் இரண்டு கோட் ஏற்றினேன். அந்தப் பாதி மங்கிவிட்டது. செதில்கள் குவிந்து கோணல்மாணலாக அடுக்கிக்கொண்டன. குறைவாகப் பூசினால்தான் நிறைய மின்னும்.

இதில் கறுப்பின் பங்கு பற்றி நிறைய மிகைப்பேச்சு உண்டு. பெரும்பகுதி வேலையைச் செய்வது வழவழப்பு. கறுப்பு செய்வது ஒன்றே ஒன்று: செதில்களுக்கு நடுவே இறங்கும் ஒளியை விழுங்கி, அது சிதறி மேலே வந்து உருவத்தை வெளுக்கவிடாமல் பார்த்துக்கொள்கிறது. அடியைத் தேய்த்துச் சீராக்காதவரை, 'அசல் குரோம்' என்று குப்பியில் எத்தனை பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும் பயனில்லை.

வரலாற்றுக்கு ஒரு பத்தி போதும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வில்ம் செம்பு கலந்த வலுவான அலுமினியக் கலவையைக் கண்டுபிடித்தார், அதுதான் டூராலுமின். வலு இருந்தது, ஆனால் உப்புக்காற்றில் அரித்தது. ஆகவே அதன் இருபுறமும் தூய அலுமினியத்தை மெல்லிய தோலாகச் சேர்த்து உருட்டினார்கள், அது அல்கிளாட். நிஜ விமானத்திலும் மின்னியது இந்த மேல்தோல்தான். இரண்டாம் உலகப்போரில் வான்வெளி தங்கள் கைக்கு வந்துகொண்டிருந்த 1943 இறுதியில், அமெரிக்கர்கள் புது விமானங்களுக்கு மறைவண்ணம் பூசுவதை நிறுத்தினார்கள். எடையும் உழைப்பும் மிச்சம்.

மறைவண்ணத்துக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர்: ஒளியின் ஒழுங்கைக் குலைப்பது. பெயின்ட்டில் நுண்ணிய சிலிக்காவைக் கலந்து மேற்பரப்பை வேண்டுமென்றே சொரசொரப்பாக்குகிறார்கள். அதே எட்டில் ஒரு பங்கு விதிதான், இம்முறை அதைத் தாண்டுவதற்காக.

இங்கே பரவலாக நம்பப்படும் ஒரு சங்கதியைச் சோதித்துவிடலாம். மாதிரிக்கு மறைவண்ணம் பூசும்போது நிஜ நிறத்தைவிட வெளிறச் செய்ய வேண்டும் என்பார்கள். 1/72 மாதிரியை 30 செ.மீ. தூரத்தில் பார்ப்பது நிஜ விமானத்தை 21.6 மீட்டரிலிருந்து பார்ப்பதற்குச் சமம், இடையில் இருக்கும் காற்று நிறத்தை வெளிறச் செய்யும் என்பது காரணமாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 கி.மீ. வரை தெளிவாகத் தெரியும் ஒரு நாளில், 21.6 மீட்டர் காற்று நிற வேறுபாட்டில் குறைப்பது அரை சதவீதத்துக்கும் கீழே. எந்தக் கண்ணாலும் அதைக் காண முடியாது. வெளிறச் செய்வது தவறில்லை, காரணம்தான் வேறு. உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும், நம் வீட்டுக்கூடத்தில் சில நூறு லக்ஸ்தான். வெயிலில் பச்சையாக இருப்பது அலமாரியில் கறுப்பாகிவிடுகிறது. காற்றைக் குறை சொல்ல வேண்டியதில்லை, டியூப்லைட்டைப் பார்த்தால் போதும்.

72 என்ற பெருக்கல் உண்மையில் கடிப்பது வேறிடத்தில். சாதாரண வெள்ளி பெயின்ட்டின் செதில் 30 மைக்ரான் அகலம் என்று வையுங்கள். நிஜ அளவுக்குப் பெருக்கினால் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். விமானம் முழுக்கக் கடுகு ஒட்டிய மாதிரி. பெயின்ட் 50 மைக்ரான் கனமாக ஏறினால் அது மூன்றரை மில்லிமீட்டர் சாந்துப் பூச்சு. தகடு இணையும் கோடுகளெல்லாம் அதில் தூர்ந்துவிடும்.

தகடுகளைப் பற்றி ஒன்று. உலோக விமானத்தின் படத்தை உற்றுப் பார்த்தால் ஒரு தகடு வெளிர், பக்கத்துத் தகடு கருமை என்று இருக்கும். பலமுறை இரண்டும் ஒரே உலோகம்தான். உருளைகள் நடுவே தகடு நீண்டபோது விழுந்த நுண்கோடுகள் ஒன்றில் நெடுக்கிலும் மற்றதில் குறுக்கிலும் ஓடுகின்றன, ஒளி வேறுவேறு பக்கம் விசிறுகிறது. கோடு போட்ட எவர்சில்வர் லிஃப்ட் கதவின் முன் தலையைச் சாய்த்து நின்றால் இது புரியும். மாதிரிக்காரர்கள் மாஸ்கிங் டேப் ஒட்டி ஒவ்வொரு தகட்டுக்கும் நூலளவு வேறான வெள்ளி அடிப்பது இதற்காகத்தான்.

ஆகவே மிக்-21-க்கு என் யோசனை: இருப்பதைத் தின்னரால் துடைத்துவிட்டு, மெல்லிய உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, கறுப்பிலிருந்து தொடங்கலாம். தின்னர் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடக் கூடும். முதலில் மாதிரியின் பாகங்கள் ஒட்டி வந்த பிளாஸ்டிக் சட்டத்தில் மிஞ்சிய துண்டில் சோதித்துக்கொள்ளுங்கள். முழுவதையும் ஸ்பூனில் ஒத்திகை பார்ப்பது இன்னும் நல்லது.

அந்த வெள்ளி டப்பாவை எறிந்துவிட வேண்டாம். மகள் அடுத்ததாக அமெரிக்காவின் பி-51 மஸ்டாங்கை ஒட்டக்கூடும். படங்களில் உடல் முழுக்க வெற்று உலோகம்போலத் தெரியும் அந்த விமானத்தின் இறக்கை, காற்று குழம்பாமல் வழுக்கிப் போவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. ஒரு ரிவெட் தலை துருத்தினாலும் அந்த ஓட்டம் கெடும். அதனால் தொழிற்சாலையிலேயே ரிவெட்டுகளையும் இணைப்புகளையும் பட்டி பார்த்து மூடி, தேய்த்து, மேலே அலுமினியம் பெயின்ட் அடித்து அனுப்பினார்கள். உடல் மின்னும், இறக்கை மங்கலான வெள்ளி. அந்த இறக்கைக்குக் கைப்பிடிக் கம்பியின் பெயின்ட்தான் சரி. பிரஷைத் தவிர்த்து ஏர்பிரஷில் தூவினால் போதும்.